பச்சைக் கூழும் கிரீம் தட்டும்: வாசகர் கேள்விகள்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் ஒரு வாசகர், "சின்ன வயதில் டிவியில் பிள்ளைகள் தலையில் பச்சையாக எதையோ கொட்டுவார்களே, அது என்ன நிகழ்ச்சி?" என்று கேட்டிருந்தார். நான்கு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். சரி, இந்த முறை மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும். தொண்ணூறுகளில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் டிவிகளில் பிள்ளைகள் கூழிலும் கிரீமிலும் புரண்டு விளையாடிய போட்டி நிகழ்ச்சிகளைப் பற்றி மட்டும் இந்தப் பக்கங்கள்.

கேள்வி: அந்தப் பச்சைக் கூழை, அதாவது ஸ்லைமை, முதலில் கொட்டியது அமெரிக்காவின் நிக்கலோடியன் சேனல் என்கிறார் என் கணவர். இல்லை, கனடாதான் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
- டொராண்டோ வாசகி

பதில்: நீங்கள் சொல்வதுதான். 1979-ல் ஒட்டாவாவில் சி.ஜே.ஓ.எச். என்ற உள்ளூர் நிலையத்தில் 'யூ கான்ட் டூ தட் ஆன் டெலிவிஷன்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. உருவாக்கியவர் ரோஜர் பிரைஸ். அது போட்டி அல்ல, பிள்ளைகளே நடித்த சின்னச் சின்ன நகைச்சுவைத் துணுக்குகள். அதில் இரண்டு விதிகள். யாராவது "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டால் மேலிருந்து பச்சைக் கூழ் கொட்டும். "தண்ணீர்" என்று சொன்னால் ஒரு வாளித் தண்ணீர் கொட்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு வார்த்தைகளை யோசித்துப் பாருங்கள். வகுப்பில் ஒரு பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை "தெரியாது" என்று சொல்லும்? அதனால் ஒவ்வொரு துணுக்கிலும் அந்த வார்த்தை வந்துவிடுமோ வந்துவிடுமோ என்று பார்க்கிற பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கூழ் விழுவதைவிட அந்தக் காத்திருப்புதான் பெரிய சந்தோஷம்.

பச்சை நிறம் எப்படி வந்தது என்பதற்கும் ஒரு கதை சொல்வார்கள். முதலில் மீந்துபோன சாப்பாட்டை வாளியில் சேர்த்துக் கொட்டுவதாகத்தான் திட்டமாம். படப்பிடிப்பு தள்ளிப்போக, வாளியில் இருந்தது நாள்கணக்கில் கிடந்து பச்சையாகப் பூஞ்சை பிடித்துவிட்டது, அதையே கொட்டினார்கள் என்பது கதை. அப்புறம் பூஞ்சைக்குப் பதிலாக ஜெல்லிப் பொடியும் தானிய மாவும் போட்டுக் கலக்க ஆரம்பித்தார்கள். தலையில் ஊற்றினால் கழுவ வேண்டுமே, அதற்காகக் குழந்தைகள் ஷாம்புவும் சேர்த்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நிக்கலோடியன் இதை வாங்கி அமெரிக்காவில் ஒளிபரப்பியது, பிறகு அந்தப் பச்சையே அந்தச் சேனலின் அடையாளம் ஆகிவிட்டது. உங்கள் கணவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் அதுதான், அவரைக் குறை சொல்ல வேண்டாம். கூடுதலாக ஒரு தகவல்: பின்னாளில் பெரிய பாடகியான அலானிஸ் மோரிசெட் 1986-ல் இந்த நிகழ்ச்சியில் நடித்தவர். அப்புறம் தொண்ணூறுகளின் கடைசியில் உங்கள் கனடாவின் ஒய்டிவி சேனலில் 'அ ஓ!' என்ற போட்டி வந்தது, 1997-ல் தொடங்கியது. தவறினால் ஸ்லைம் குளியல் அதிலும் உண்டு. ஆக, தொடங்கி வைத்தது கனடாதான், தொண்ணூறுகளின் கடைசியிலும் அங்கே அது விட்டுப்போகவில்லை.

கேள்வி: 'டபுள் டேர்' எப்படி விளையாடுவார்கள்? எனக்கு ஒரு பிரம்மாண்டமான மூக்கும் அதற்குள் கையை விடும் பிள்ளையும் மட்டும்தான் நினைவில் இருக்கிறது.
- நியூ ஜெர்சி வாசகர்

பதில்: மூக்கு நினைவில் இருந்தால் முக்கியமானது நினைவில் இருக்கிறது. அந்தத் தடைக்குப் பெயர் 'பிக் இட்'. மூக்குத் துவாரத்தில் கையை விட்டு, பிசுபிசுப்பான பொய்ச்சளிக்குள் துழாவி, ஒரு ஆரஞ்சு நிறக் கொடியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

'டபுள் டேர்' 1986 அக்டோபரில் நிக்கலோடியனில் தொடங்கியது. தொகுப்பாளர் மார்க் சம்மர்ஸ். முதலில் பிலடெல்பியாவில் எடுத்தார்கள், பிறகு ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவுக்கு மாறியது. 1993 வரை பல பெயர்களில் ஓடியது: பெற்றோரும் சேர்ந்து ஆடும் 'ஃபேமிலி டபுள் டேர்', இன்னும் அதிகமாக அழுக்காகும் 'சூப்பர் ஸ்லாப்பி டபுள் டேர்' என்று.

இதன் விதிகள் நிறையப் பேருக்கு மறந்துபோயிருக்கும். கூழ் மட்டும் நினைவில் தங்கிவிட்டது, ஆனால் இந்த விளையாட்டின் அழகு விதிகளில்தான் இருக்கிறது. ஒரு அணிக்கு இரண்டு பேர். ஒவ்வொரு சுற்றும் இரண்டு அணியும் மோதும் ஒரு சின்ன அழுக்கு விளையாட்டோடு தொடங்கும், அதில் ஜெயித்தவர்களுக்கு முதல் கேள்வி. கேள்விக்கு ஆரம்பத்தில் 10 டாலர். பதில் தெரியாவிட்டால் எதிரணியைப் பார்த்து "முடிந்தால் நீங்கள் சொல்லுங்கள்" என்று சவால் விடலாம், அதுதான் 'டேர்', தொகை இரண்டு மடங்கு. எதிரணிக்கும் தெரியாவிட்டால் அவர்கள் சவாலைத் திருப்பிவிடலாம், அதுதான் 'டபுள் டேர்', நான்கு மடங்கு, 40 டாலர். இப்போது பந்து மறுபடியும் உங்கள் பக்கம். பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உடல் சவாலை ஏற்க வேண்டும். தலையில் வாளியை வைத்துக்கொண்டு முட்டை பிடிப்பது, காலால் கிரீம் தட்டை எறிந்து கூட்டாளியின் உடையில் விழ வைப்பது மாதிரியான வேலைகள். பெரும்பாலும் 20 அல்லது 30 விநாடி. முடிக்காவிட்டால் பணம் எதிரணிக்கு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பதில் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள்கூட வேண்டுமென்றே சவாலைத் திருப்பித் திருப்பி விடுவார்கள். தொகை ஏறும் என்பது ஒரு காரணம். உடல் சவாலில் புரள வேண்டும் என்ற ஆசை இன்னொரு காரணம். தண்டனை என்று எழுதி வைத்ததைப் பிள்ளைகள் பரிசாக எடுத்துக்கொண்டார்கள். நிகழ்ச்சியை அமைத்தவர்களுக்கும் அது தெரிந்தே இருந்தது.

ஜெயித்த அணிக்குக் கடைசியில் தடை ஓட்டம். 8 தடைகள், 60 விநாடி. ஹெல்மெட், முழங்கை முழங்கால் காப்புகள் எல்லாம் மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். ஒருவர் ஒரு தடையில் கொடியை எடுத்துக் கூட்டாளியிடம் கொடுத்தால்தான் அடுத்தவர் அடுத்த தடைக்கு ஓடலாம். ஒவ்வொரு கொடிக்கும் ஒரு பரிசு, எட்டாவதுக்குப் பெரிய பரிசு. 'சண்டே ஸ்லைடு' (ஞாயிறு அல்ல, ஐஸ்கிரீம் சண்டே) என்று ஒன்று: சாக்லெட் பூசிய வழுக்குச் சரிவில் ஏறி, மறுபக்கம் சறுக்கி ஐஸ்கிரீம் கிண்ணம் மாதிரி இருக்கும் தொட்டிக்குள் விழ வேண்டும். ஏறுவார்கள், வழுக்குவார்கள், மறுபடி ஏறுவார்கள், அதற்குள் 15 விநாடி போய்விடும். அந்த ஒரு சரிவில் எத்தனை பேருடைய பெரிய பரிசு போனது! அப்புறம் ராட்சத எலிச் சக்கரம் ஒன்று உண்டு, உள்ளே நின்று ஓடிச் சுற்ற வேண்டும், காலில் கிரீம் ஒட்டியிருக்கிற நிலையில்.

இன்று பார்த்தால்கூட அந்த 60 விநாடி இழுத்துப் பிடிக்கிறது. வெட்டி ஒட்டி வேகம் ஏற்றவில்லை. கடிகாரம் நிஜமாக ஓடுகிறது, வழுக்குவது நிஜமாக வழுக்குகிறது.

கேள்வி: 'லெஜண்ட்ஸ் ஆஃப் தி ஹிடன் டெம்பிள்' நிகழ்ச்சியையும் இதில் சேர்ப்பீர்களா?
- ஹூஸ்டன் வாசகர்

பதில்: மாட்டேன். 1993 முதல் 1995 வரை வந்த அருமையான நிகழ்ச்சி, பேசும் கல்தலை ஆல்மெக்கை யாரும் மறக்க முடியாது. ஆனால் அது அகழியும் கோயிலும் புதிர் அறைகளும் கொண்ட சாகச விளையாட்டு. ஈரம் உண்டு, கூழ் கிடையாது. அதே காலத்து 'கட்ஸ்' நிகழ்ச்சியும் அப்படித்தான், அது விளையாட்டுப் போட்டி.

கேள்வி: நாங்கள் லண்டனில் வளர்ந்தவர்கள். எங்களுக்கு ஸ்லைம் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, 'கன்ஜ்' என்றுதான் தெரியும். பிரிட்டன் நிகழ்ச்சிகளைப் பற்றியும் எழுதுங்கள். 'ஃபன் ஹவுஸ்' நினைவிருக்கிறதா?
- ஹாரோ வாசகி

பதில்: நினைவிருக்கிறதாவா! நான் 1991-ல் ஒன்பது வயதில் லண்டனுக்கு வந்தவன். முதல் ஒரு வருடம் பள்ளியில் யார் என்ன பேசினாலும் பாதிதான் புரியும். டிவியில் கார்ட்டூன்கூட வேகமாகப் பேசிக்கொண்டே போகும். சனிக்கிழமை காலையில் பிபிசியில் 'கோயிங் லைவ்!' நிகழ்ச்சிக்குள்ளே 'டபுள் டேர்' போட்டியின் பிரிட்டன் வடிவம் வரும், தொகுப்பாளர் பீட்டர் சைமன். அந்த மனிதர் தரையில் சிந்திக் கிடக்கும் கூழில் கால் வைத்து விழுவார். எழுவார், மறுபடி விழுவார். ஒரு சனிக்கிழமை அப்படி விழுந்தபோது பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். சமையலறை வாசலில் கையில் கரண்டியோடு அம்மா நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அந்த நாட்டுக்கு வந்த பிறகு அம்மா அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு வார்த்தைகூடப் புரிய வேண்டிய தேவை இருக்கவில்லை. இந்த நிகழ்ச்சிகளைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்கு ஏன் கோபம் வருகிறது என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

சரி, 'ஃபன் ஹவுஸ்'. அமெரிக்காவில் 1988-ல் தொடங்கியதன் பிரிட்டன் வடிவம் அது. ஐடிவிக்காக ஸ்காட்டிஷ் டெலிவிஷன் தயாரித்தது, 1989 முதல் 1999 வரை ஓடியது. பின்பக்கம் நீளமாக முடி வைத்த பாட் ஷார்ப் தொகுப்பாளர், ஒவ்வொரு அணிக்கும் ஆதரவாக இரட்டைச் சகோதரிகள் மெலனி, மார்ட்டினா. முதலில் கூழ் விளையாட்டுகள், பிறகு சின்ன கார் பந்தயம், ஜெயித்தவர்கள் கடைசியில் அந்த வீட்டுக்குள் ஓடிப் பரிசுகளைப் பொறுக்க வேண்டும். என் வகுப்பில் எல்லோருக்கும் அந்த வீட்டுக்குள் போக ஆசை. எனக்குக் கார் பந்தயம் அவ்வளவு பிடிக்காது, அந்த நேரம் கூழ் இல்லாமல் வீணாகிறதே என்று தோன்றும்.

இதற்கெல்லாம் முன்னோடி 'டிஸ்வாஸ்'. பர்மிங்காமில் 1974-ல் தொடங்கிய சனிக்கிழமை நிகழ்ச்சி, 1982-ல் முடிந்தது. முகமூடி போட்ட ஒருவர் எங்கிருந்தோ வந்து ஆட்கள் முகத்தில் கிரீம் தட்டை அப்புவார். பெரியவர்களைக் கூண்டுக்குள் நிறுத்தி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் கிறிஸ் டாரன்ட். பின்னாளில் 1998-ல் 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' தொடங்கியபோது அதன் முதல் தொகுப்பாளரும் அவர்தான். நம் ஊரில் கோடீஸ்வரன் என்று பார்த்தோமே, அந்த வடிவத்தின் மூல இருக்கையில் அமர்ந்தவர் கிரீம் தட்டுகளுக்கு நடுவே தொழில் கற்றவர்.

கேள்வி: பெரியவர்களைத் தொட்டிக்குள் தள்ளும் நிகழ்ச்சி ஒன்று இருந்ததே, அதன் பெயர் என்ன? என் தம்பி அப்பாவை அதற்கு அனுப்பப் போவதாக மிரட்டுவான்.
- லெஸ்டர் வாசகர்

பதில்: 'கெட் யுவர் ஓன் பேக்'. பிபிசியில் 1991 முதல் 2004 வரை. தொகுப்பாளர் டேவ் பென்சன் பிலிப்ஸ். என்னைக் கேட்டால் இந்த வகையிலேயே மிகச் சிறந்தது இதுதான், 'டபுள் டேர்'கூட இதற்கு அடுத்துதான்.

பிள்ளை தன் வீட்டிலிருந்தோ பள்ளியிலிருந்தோ ஒரு பெரியவரை அழைத்துவரும். அவர் மேல் ஒரு புகார் வைத்திருக்கும். அப்பா நண்பர்கள் முன்னால் பாட்டுப் பாடி மானத்தை வாங்குகிறார், ஆசிரியர் அளவில்லாமல் வீட்டுப்பாடம் தருகிறார், இந்த மாதிரி. பிள்ளைகளும் பெரியவர்களும் எதிரெதிராக விளையாடுவார்கள். ஜெயித்த பிள்ளைக்குப் பரிசு என்னவென்றால் தன்னுடைய பெரியவரைக் கன்ஜ் தொட்டிக்குள் அனுப்பும் உரிமை. கடைசிக் கட்டத்தில் அந்தப் பெரியவரிடம் கேள்விகள் கேட்பார்கள், தப்பாகச் சொல்லச் சொல்ல இருக்கை மேலே ஏறும். எவ்வளவு உயரம் போகிறாரோ அவ்வளவு பெரிய விழுகை.

உலகத்தில் ஒரு பிள்ளை செய்கிற தவறுக்கெல்லாம் கணக்குக் கேட்கப் பெரியவர்கள் இருக்கிறார்கள். பெரியவர் செய்ததற்குப் பிள்ளை கணக்குக் கேட்க எந்த இடமும் கிடையாது. இங்கே அந்தக் கணக்கு கேட்கப்பட்டது, அதுவும் யாருக்கும் அடி படாமல், எல்லோருக்கும் தெரிந்த விதிப்படி. தொட்டியிலிருந்து எழுந்து வரும் அப்பாக்களின் முகத்தை நினைத்துப் பாருங்கள், கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு பிள்ளையைத் தேடுவார்கள். பிள்ளை ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளும், அதுவும் கூழாகிவிடும். நான் இன்னும் அந்தக் காட்சிக்காகத்தான் பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கிறேன்.

கேள்வி: கடவுளே, எவ்வளவு சாப்பாடு வீண்! முட்டை, கிரீம், பீன்ஸ் எல்லாம் பிள்ளைகள் காலடியில். உங்களுக்கு உறுத்தவில்லையா?
- சிட்னி வாசகி

பதில்: உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது. எங்கள் வீட்டில் தட்டில் மிச்சம் வைத்தால் அம்மா பேசாமல் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார், அது திட்டுவதைவிட மோசம். முட்டையை வரிசையாகத் தலையில் உடைக்கும் விளையாட்டு வந்தால் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார். கன்ஜ் வந்தால் உட்கார்ந்து பார்ப்பார். எனக்கு அந்த வயதில் காரணம் தெரியாது. பிறகுதான் புரிந்தது, முட்டை சாப்பாடு, கன்ஜ் சாப்பாடு மாதிரி தெரியவில்லை.

அந்த வேறுபாட்டை நானும் ஏற்கிறேன். அமெரிக்க நிகழ்ச்சிகள் நிஜ உணவை நிறையப் பயன்படுத்தின, புட்டிங், ஆப்பிள் மசியல், ஓட்ஸ், கிரீம் என்று. பிரிட்டன் கன்ஜ் பெரும்பாலும் கெட்டியாக்கும் பொடியைத் தண்ணீரில் கரைத்து நிறம் போட்டது. முட்டை இல்லாமலேயே அதே சிரிப்பு வருகிறது என்று அவர்கள் காட்டிவிட்டார்கள், அதனால் முட்டைக்கு நான் வாதாட மாட்டேன்.

கேள்வி: ஒரு பிள்ளையின் தலையில் அழுக்கைக் கொட்டி ஊரே சிரிப்பது அவமானப்படுத்துவது இல்லையா? நான் ஆசிரியை. என் வகுப்பில் இப்படி நடந்தால் அதற்குப் பெயர் கொடுமைப்படுத்துதல்.
- சிங்கப்பூர் வாசகி

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இந்த இதழ் முழுவதையும் ஒதுக்கினேன் என்று சொன்னால் தப்பில்லை.

எனக்குப் பத்து வயதில் பள்ளி விளையாட்டு மைதானத்தில் இரண்டு பெரிய பையன்கள் என் பையைப் பிடுங்கி, என் பால் பாக்கெட்டைப் பிரித்து என் தலையில் ஊற்றினார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதே வாரம் சனிக்கிழமை டிவியில் என் வயதுப் பையன் தலையில் ஒரு வாளி கூழ் விழுந்தது, நானும் சிரித்தேன், அவனும் சிரித்தான். அன்று இரண்டையும் சேர்த்து நான் யோசிக்கவே இல்லை, எனக்கு அவை இரண்டும் ஒன்றாகத் தோன்றவில்லை. பின்னால்தான் ஏன் என்று யோசித்தேன்.

டிவிப் பையன் தானே கேட்டு வந்தவன். என்ன நடக்கும் என்று அவனுக்கு முன்பே தெரியும், வழக்கமான உடை மாற்றி, காப்பு மாட்டி நிற்கிறான். பக்கத்தில் அவனுடைய கூட்டாளியும் அதே கூழில் நிற்கிறாள். எதிரணியும் அப்படியே, சில சமயம் தொகுப்பாளரும். விதி எல்லோருக்கும் ஒன்று. முடிந்ததும் ஒரு பெரியவர் துண்டோடு வந்து முகத்தைத் துடைத்துவிடுகிறார். மைதானத்தில் இதில் ஒன்றுகூட இருக்கவில்லை. எனக்கு மட்டும்தான் பால் ஊற்றினார்கள், துண்டு எடுத்து வர யாரும் இல்லை.

எல்லா நிகழ்ச்சியும் இதைச் சரியாகச் செய்தது என்று சொல்ல மாட்டேன். தோற்ற பிள்ளைக்கு மட்டும் கூழ், ஜெயித்தவர் சுத்தமாக நின்று பார்ப்பார் என்று அமைத்த விளையாட்டுகளை எனக்கு அன்றும் பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளை சிரிக்கும், ஆனால் சிரிப்பு கண்ணுக்கு வராது. கேமராவும் அதிலேயே நின்றுகொண்டிருக்கும். 'டபுள் டேர்' அதை அழகாகத் தாண்டியது, ஏனென்றால் அங்கே ஜெயிக்க ஜெயிக்கத்தான் அழுக்கு அதிகமாகும். கடைசித் தடை ஓட்டத்துக்குப் போகிற அணிதான் வெற்றி அணி. 'கெட் யுவர் ஓன் பேக்' வேறு விதமாகத் தாண்டியது, கூழைப் பலசாலியின் பக்கம் திருப்பிவிட்டது.

உங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பேச நேர்ந்தால் பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று. என்னைவிட வேகமாகச் சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: 'டபுள் டேர்' தொகுப்பாளருக்கு அழுக்கு என்றாலே ஆகாது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
- சென்னை வாசகர்

பதில்: உண்மை, ஆனால் "ஆகாது" என்று லேசாகச் சொல்லிவிட முடியாது. மார்க் சம்மர்ஸுக்கு ஓசிடி என்கிற மனநோய் இருந்தது. சுத்தம், ஒழுங்கு இவற்றைப் பற்றிய எண்ணங்கள் விடாமல் துரத்தும் நோய். தொண்ணூறுகளில் அதை வெளிப்படையாகச் சொன்னார், 1999-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அதாவது வருடக்கணக்கில், கூழும் கிரீமும் தெறிக்கிற மேடையில் நின்று, தன் மேல் விழுவதையும் தாங்கிக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்து உற்சாகப்படுத்தியிருக்கிறார். பழைய பகுதிகளை இப்போது பார்க்கும்போது அவருடைய கைகளைக் கவனிக்கிறேன். அவர் மேல் எனக்கு மரியாதை பல மடங்கு கூடிவிட்டது. இந்த மாதிரி நோய் உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர் சிகிச்சை எடுத்துக்கொண்டவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஆர்லாண்டோவில் அந்தப் பச்சை ஊற்று இன்னும் இருக்கிறதா? பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட ஆசை.
- அட்லாண்டா வாசகர்

பதில்: இல்லை. யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஃபுளோரிடா பூங்கா திறந்த 1990 ஜூன் மாதமே நிக்கலோடியன் ஸ்டூடியோவும் அங்கே திறந்தது, வாசலில் பச்சைக் கூழைப் பீய்ச்சும் ஊற்றோடு. பூங்காவுக்கு வந்த பிள்ளைகளே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தார்கள். 2005 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். 1992 ஏப்ரல் 30 அன்று அங்கே ஒரு காலப்பெட்டியைப் புதைத்தார்கள், 50 வருடம் கழித்து 2042-ல் திறக்க வேண்டும் என்று. ஸ்டூடியோ போன பிறகு பெட்டியையும் இடம் மாற்றிவிட்டார்கள், இப்போது கலிஃபோர்னியாவின் பர்பாங்கில் இருக்கிறது. கேசட்டும் கேமும் சேர்த்து அந்தக் காலப் பொருள்கள் உள்ளே இருக்கின்றன.

கேள்வி: இப்போது ஏன் யாரும் இப்படி எடுப்பதில்லை?
- மெல்பர்ன் வாசகர்

பதில்: எடுத்தார்கள். 2018-ல் 'டபுள் டேர்' மறுபடி வந்தது, லைசா கோஷி நடத்த, மார்க் சம்மர்ஸ் கூடவே வர்ணனை செய்தார். பிரிட்டனில் 2000-க்குப் பிறகும் 'டிக் அண்ட் டாம் இன் டா பங்களோ' இதே பாதையில் சில வருடம் ஓடியது. ஆனால் ஒரு பெரிய அரங்கம், தடை ஓட்டம், ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்து மறுபடி தயார் செய்யும் ஆட்கள், இதெல்லாம் செலவு. ஒரு கார்ட்டூனை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பத் திரும்பப் போடலாம். போன வருடத்துப் போட்டியில் யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்த பிறகு மறுபடி பார்க்க அவ்வளவு பேர் வர மாட்டார்கள்.

கேள்வி: என் மகனுக்கு அடுத்த மாதம் ஒன்பது வயது. பிறந்தநாளுக்குக் கன்ஜ் வேண்டும் என்கிறான். வீட்டில் செய்ய முடியுமா? பயமாக இருக்கிறது.
- ஆக்லாந்து வாசகி

பதில்: தாராளமாகச் செய்யலாம், பயப்பட வேண்டியது வழுக்கலுக்கு மட்டும்.

டிவியில் பயன்படுத்தியது ஹைட்ராக்சி எத்தில் செல்லுலோஸ் என்ற பொடி, நாட்ரோசால் என்ற பெயரில் விற்பது. பெயிண்டையும் ஷாம்புவையும் கெட்டியாக்குவதும் அதே வகைப் பொருள்தான். அதன் சிறப்பு என்னவென்றால் சாய்த்து ஊற்றும்போது இளகி ஓடும், தலையில் விழுந்து வேகம் குறைந்ததும் மறுபடி கெட்டியாகி மெதுவாக வழியும். டிவியில் அந்தக் கூழ் நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்க அவ்வளவு நேரம் எடுத்ததே, அதற்குக் காரணம் இதுதான். வீட்டுக்கு அந்தப் பொடி தேவையில்லை. சோளமாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் கிளறிக் கஞ்சிப் பதம் வந்ததும் இறக்குங்கள். முழுவதும் ஆற வேண்டும். வெளியே ஆறி உள்ளே கொதிப்பு இருக்கும், அதனால் முந்தின இரவே செய்துவிட்டு, காலையில் கையை அடிவரை விட்டுப் பாருங்கள். ஊற்றும் முன் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் கலந்தால் பிள்ளைகள் குளிரில் நடுங்க மாட்டார்கள். கேசரிப் பவுடர் மாதிரி நிறங்களைக் குறைவாகப் போடுங்கள், வெளிர் முடியிலும் துணியிலும் கறை பிடிக்கும். ஷேவிங் நுரையைக் கிரீம் தட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம், கண் எரியும். பால் கிரீம் என்றால் பிள்ளைகளில் யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்று பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். நீச்சல் கண்ணாடி போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

புல்தரையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சிமெண்ட் தரையோ ஓடு பதித்த தரையோ வேண்டவே வேண்டாம். மிச்சக் கூழைச் சாக்கடையில் மொத்தமாக ஊற்றினால் அடைத்துக்கொள்ளும், நிறையத் தண்ணீர் விட்டு இளக்கி ஊற்றுங்கள்.

வர விரும்பாத பிள்ளை ஒன்றாவது இருக்கும். அதன் கையில் கடிகாரத்தைக் கொடுத்து, 60 விநாடி எண்ணச் சொல்லுங்கள். உங்களையும் கேட்பான் உங்கள் மகன், தயாராக இருங்கள். ஒரு வாளி உங்களுக்கு என்று தனியாக எடுத்து வையுங்கள், அது கடைசியில். துண்டுகளும் குழாய்த் தண்ணீரும் முதல் வாளிக்கு முன்பே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.